குல்லாயும் சுருட்டையும்

மதுரையில் முன்னொரு காலத்தில் ஒரு பாண்டிய மன்னனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, அல்லது பூவும் சந்தனமும் கொடுத்த மணந்தானா என்பதே அந்தச் சந்தேகம். அதற்காகப் பொற்கிழி தொங்கி, தருமி வந்து, நக்கீரர் எழுந்து, கடைசியில் சாட்சாத் சிவபெருமானே சபைக்கு வரவேண்டியதாயிற்று. நெற்றிக்கண் திறந்த பிறகும் அந்த விவகாரம் தீர்ந்தபாடில்லை.

சென்ற மார்கழியில் நமக்கு வந்த சந்தேகமும் கூந்தலைப் பற்றியதுதான். ஆனால் பரிசு அறிவிக்க நம்மிடம் பொன் இல்லை. தீர்த்து வைக்க நக்கீரரும் கிடைக்கவில்லை. சந்தேகம் யாதெனில், இயற்கையாகவே சுருண்டு வளர்ந்த கூந்தலின்மேல் ஒரு கம்பளிக் குல்லாயைப் போட்டு அமுக்கினால், கடைசியில் ஜயிப்பது எது, கூந்தலா, குல்லாயா என்பதே.

"கம்பம் பள்ளத்தாக்கில் கம்பளிக் குல்லாய்க்கு என்ன வேலை?" என்று நேயர்கள் கேட்கலாம். சித்திரை மாதத்து மத்தியானத்தில் தேனி பஸ் நிலையத்தில் அரைமணி நேரம் நின்றவர்கள் இவ்வாறு கேட்பது நியாயமே. ஆனால் எங்கள் ஊர்ப் பூகோளம் சற்று விசித்திரமானது. கம்பம் நகரம் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,300 அடி உயரத்தில், நெல்லும் தென்னையும் பன்னீர் திராட்சையும் சூழ, வெதுவெதுப்பாகக் கிடக்கிறது. கிழக்கே மேகமலை, மேற்கே இடுக்கி ஜில்லாவின் ஏலமலை. 1895-ஆம் வருஷத்தில் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்துகொண்டு வரும் பெரியாற்றுத் தண்ணீர்தான் எங்கள் வயல்களுக்கு ஜீவன். தண்ணீர் மேற்கிலிருந்து கீழே வருகிறது. ஜனங்களோ பிழைப்பைத் தேடிக் கீழிருந்து மேற்கே போகிறார்கள். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு என்று மூன்று வாசல்கள். எந்த வாசல் வழியாக ஏறினாலும் ஒருமணி, ஒன்றரைமணி நேரத்தில் 3,000 அடிக்கு மேல் போய்விடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி சூடு குறையும் என்பது சாஸ்திரம். மார்கழி விடியற்காலையில், மூடுபனியும் காற்றும் சேர்ந்துகொண்டால், அந்த ஆறரை டிகிரி காதுக்குள் புகுந்து மண்டை வரையில் விசாரிக்கும்.

ஆகவேதான் விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் கடைவீதியில் நின்றால், ஏலத் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளில் குல்லாய்களின் ஊர்வலத்தைக் காணலாம். சிவப்பு, பச்சை, கறுப்பு, ஊதா. சபரிமலைக் காலம் வந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களுக்காகவும் சாலையோரக் கடைகளில் குல்லாய்களும் மப்ளர்களும் தோரணங் கட்டினாற்போல் தொங்கும். கழுத்து வரையில் இறங்கி, முகத்துக்கு மட்டும் ஒரு ஜன்னல் விட்டிருக்கும் குரங்குக் குல்லாய்க்குக் கிராக்கி அதிகம். இங்கிலீஷ்காரர்கள் அதற்குப் 'பாலக்ளாவா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1854-ல் ரஷ்யாவுடன் கிரைமியாவில் யுத்தம் நடந்தபோது, குளிரில் நடுங்கிய சிப்பாய்களுக்கு இத்தகைய கம்பளி உறைகள் போயினவாம். யுத்தம் நடந்த ஊரின் பெயர் குல்லாய்க்கு வந்து சேர்ந்தது. அந்தச் சண்டையில் யார் ஜயித்தார்கள் என்பது இப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? குல்லாய் மட்டும் கம்பம் வரையில் வந்துவிட்டது.

தமிழனின் தலைக்குக் குல்லாய் புராதனமான பழக்கம் அல்ல. பெரியவர்கள் தலைப்பாகை வைத்தார்கள். உழவர்கள் முண்டாசு கட்டினார்கள். பாரதியாரின் படத்தில் முண்டாசு இல்லாவிட்டால் பாரதியாரே அல்ல என்று குழந்தைகள் சொல்லும். ஒருவனை ஏமாற்றுவதற்கு 'குல்லாய் போடுதல்' என்று பெயர் வைத்ததிலிருந்தே அந்த வஸ்துவின்மேல் நமக்கிருந்த நம்பிக்கை விளங்கும். வெள்ளைக் கதர்க் குல்லாய் வந்த பிறகுதான் குல்லாய்க்கு ஒரு கௌரவம் ஏற்பட்டது. ஆனால் அதற்குத் தம் பெயரையே கொடுத்த காந்தியடிகள், 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி, எங்கள் பள்ளத்தாக்கு அப்போது சேர்ந்திருந்த மதுரை ஜில்லாவின் தலைநகரிலேயே, குல்லாயையும் சட்டையையும் துறந்து, அரைத் துணிக்கு மாறினார். ஏழைக்குக் கிடைக்காத துணி தமக்கு எதற்கு என்பது அவருடைய எண்ணம். அந்தப் பெரிய தியாகத்தை நினைத்து வணங்குகிறோம். இப்போது எங்கள் பக்கத்தில், மலையேறும் ஏழைப் பெண்ணின் தலையிலும் ஒரு குல்லாய் இருக்கிறது. அதைப் பார்த்தால் அவர் ஆட்சேபித்திருக்க மாட்டார் என்று நம்புகிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

நம் பெண்ணுக்குச் சுருட்டை முடி. சாதாரணச் சுருட்டை அல்ல. முருங்கைக் காற்றில் பறந்து வந்து தலையில் தங்கிவிட்ட மேகம் போன்றது. அவள் பிறந்த பதினோராம் நாளே, பார்க்க வந்த கிழவிகள், "சுருட்டை முடி சோறு போடும்" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்கள். இந்தப் பழமொழிக்கு இரண்டாம் பாதி ஒன்றும் உண்டு. "கோரை முடி குடியைக் கெடுக்கும்" என்பது அது. நம் மனைவிக்குக் கோரை முடியாகையால் அந்தப் பாதியை யாரும் நம் வீட்டில் வாய்விட்டுச் சொல்வதில்லை. பழைய தமிழர்கள் பெண்களின் கூந்தலை ஐந்து வகையாக முடித்து 'ஐம்பால்' என்று அழைத்தார்கள். அந்த ஐந்தில் ஒன்றுக்குச் 'சுருள்' என்றே பெயர். ஆகவே இலக்கியமும் பழமொழியும் ஏககாலத்தில் நம் பெண்ணின் கட்சியில் இருந்தன.

பழமொழி பொய்க்கவில்லை. படித்து முடித்ததும் அவளுக்கு வண்டன்மேட்டுப் பக்கத்தில், ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைத்தது. தினந்தோறும் காலையில் கம்பத்திலிருந்து பஸ் ஏறிக் கம்பம் மெட்டு வழியாகப் போய், சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். ஆடி, ஆவணி எல்லாம் சாரலோடு போயிற்று. கார்த்திகை பிறந்ததும் நம் மனைவி கடைக்குப் போய் ஒரு குல்லாய் வாங்கி வந்தாள். அதில்தான் ஆரம்பித்தது விபரீதம்.

விடியற்காலை எழுந்து, தலைக்கு ஸ்நானம் செய்து, ஈரங்கூடச் சரியாக உலராத கூந்தலின்மேல் குல்லாயை மாட்டிக்கொண்டு பெண் கிளம்புவாள். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறும். அலுவலகத்தில் போய்க் குல்லாயைக் கழற்றினால், தலையின் மேற்பாதி இஸ்திரி போட்டது போல் படிந்திருக்கும். கீழ்ப்பாதி நாலு திசையிலும் குத்திட்டு நிற்கும். சீப்பை எடுத்து வாரினாலோ, சுருள் எல்லாம் பிரிந்து, உரித்த தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். அங்கே உடன் வேலை பார்த்தவர்கள் பொல்லாதவர்கள் அல்ல, ஆனாலும் சிரித்தார்கள். ஒருவர் 'காளான்' என்றாராம். இன்னொருவர், பொறுப்பில் உள்ளவர், "வெளியூரிலிருந்து வியாபாரிகள் வந்து போகிற இடம், கொஞ்சம் சீராக வரக்கூடாதா?" என்றாராம். காளான் என்றதைப் பெண் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். 'சீராக' என்பதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் குல்லாயைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனாள். மார்கழி முதல் வாரத்தில் காதுவலி வந்தது. இரண்டாம் வாரத்தில் ஜுரம் வந்தது. நான்கு நாள் லீவு. ஐந்தாம் நாள் படுக்கையில் உட்கார்ந்தபடியே, "அப்பா, சனிக்கிழமை மதுரைக்குப் போய் முடியை நேராக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். நேரம் குறித்தாகிவிட்டது" என்றாள். எவ்வளவு ஆகும் என்று கேட்டோம். சொன்னாள். நம் பென்ஷனை நினைத்து ஒரு நிமிஷம் மௌனமாயிருந்தோம். ஆனால் மௌனத்துக்குக் காரணம் பென்ஷன் மட்டும் அல்ல.

அன்று இரவு நம்மிடம் இருந்த புஸ்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். கிடைத்த சமாசாரங்கள் ஆச்சரியமாயிருந்தன. முடி முளைக்கும் குழி நேராக இருந்தால் முடி நேராக வளருமாம். குழி வளைந்திருந்தால் முடியும் வளைந்தே வளருமாம். ஆகவே சுருட்டை என்பது சீவாமல் விட்டதால் வந்த குற்றம் அல்ல. பிறவியிலேயே அமைந்த கட்டடம். தலையில் ஊறும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரையில் இறங்கிவிடும். சுருண்ட முடியிலோ, போடி மெட்டின் பதினேழு வளைவுகளிலும் திணறும் பாரவண்டியைப் போல, பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால்தான் சுருட்டை முடி எப்போதும் வறண்டு கிடக்கிறது.

இன்னொரு வேடிக்கை: மனிதனின் தலைமுடியும் ஆட்டின் ரோமமும் கெராட்டின் என்ற ஒரே சரக்கினால் ஆனவை. ஆட்டு ரோமமும் நெளிநெளியாகத்தான் வளருகிறது. அந்த நெளிவுகளுக்குள் காற்று தங்குவதால்தான் கம்பளி குளிரைத் தடுக்கிறது. ஒரு சுருட்டையைக் கொண்டுவந்து இன்னொரு சுருட்டையின்மேல் வைத்து அமுக்குகிறோம்! ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கும் குல்லாய்களில் பெரும்பாலும் ஆட்டுக்குச் சம்பந்தமே இல்லை. அவை பெட்ரோலியத்திலிருந்து செய்த அக்ரிலிக் நூல். வறண்ட குளிரில் அதை வறண்ட முடியின்மேல் உராய்ந்தால் மின்சாரம் பிறந்து முடி குத்திட்டு நிற்கும்.

முக்கியமான சமாசாரம் ஈரத்தைப் பற்றியது. முடி ஈரமானதும் அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்னும் மெல்லிய முடிச்சுகள் அவிழ்ந்துவிடும். உலரும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடியும் முடிந்துகொள்ளும். ஈரத் தலையில் குல்லாயை மாட்டி ஒன்றரைமணி நேரம் பிரயாணம் செய்தால், தலை குல்லாயின் வடிவத்தைக் கற்றுக்கொள்ளாமல் என்ன செய்யும்? குற்றம் முடியின்மேலும் இல்லை, பெண்ணின்மேலும் இல்லை.

மதுரையில் செய்வதோ வேறு காரியம். இந்த மெல்லிய முடிச்சுகளை அல்ல, உறுதியான கந்தகப் பிணைப்புகளையே மருந்தால் உடைத்து நேராக்குகிறார்கள். வேறு சில முறைகளில் பூசும் திரவங்கள், சூடுபடுத்தும்போது ஃபார்மால்டிஹைட் என்ற வாயுவைக் கக்கும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 2004-லேயே தீர்மானித்திருக்கிறது. இவ்வளவும் செய்தாலும், வேர்க்குழி வளைந்தபடிதான் இருக்கும். மாதம் அரை அங்குலம் வீதம் புதிய சுருட்டை கீழிருந்து முளைத்துக்கொண்டே வரும். வருஷம் முழுவதும் மதுரைக்கும் கம்பத்துக்கும் நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

உலகத்தில் இந்த அவஸ்தை நம் வீட்டுக்கு மட்டும் வந்ததல்ல என்பதையும் அறிந்தோம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் தலைமுடியின் காரணமாகப் பள்ளியிலும் வேலையிலும் பட்ட அவமானங்கள் எத்தனையோ. கடைசியில் 2019-ல் கலிபோர்னியா ராஜ்யம், இயற்கையான முடியின் தன்மையைக் காட்டி ஒருவரைத் தாழ்த்தக்கூடாது என்று சட்டமே செய்தது. சட்டம் செய்ய வேண்டிய அளவுக்குத் தலைமுடியில் விஷயம் இருக்கிறது!

ஆனால் இவற்றையெல்லாம் பெண்ணிடம் போய்ச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். அது நேர்மையாகாது.

நம் பெண்ணுக்கு இந்த முடி எங்கிருந்து வந்தது? நம் அக்காளிடமிருந்து. நாம் சிறுவனாயிருந்தபோது அக்காளின் தலை இதே மேகந்தான். தினந்தோறும் காலையில் நம் தாயார் அவளை முன்னால் உட்காரவைத்து, வறண்ட தலையில் மரச்சீப்பை உச்சியில் வைத்துக் கீழே இழுப்பாள். அக்காள் அலறுவாள். சீப்பின் பல் உடையும். தாயாருக்கு அடுப்பில் வேலை காத்திருக்கும். கோபத்தில் முதுகில் ஒன்று வைப்பாள். இத்தனையும் முடிந்து, அக்காள் கையைப் பிடித்துக்கொண்டு நாம் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது மணி அடித்திருக்கும். வாத்தியாரின் பிரம்பு நம் கைக்குத்தான்.

1969-ஆம் வருஷம். சந்திரனில் மனிதன் கால் வைத்தான் என்று ரேடியோவில் கேட்டு ஊரே பிரமித்துப் போயிருந்தது. சந்திரனுக்குப் போக வழி கண்டுபிடித்தவர்கள் அக்காளின் தலையைச் சீவ ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை. ஒருநாள் இரவு சாப்பிடும்போது நாம் தகப்பனாரிடம், "அக்கா முடியாலே தினமும் நான் அடி வாங்குகிறேன். அதை வெட்டிவிட்டால் என்ன?" என்று கேட்டோம். நமக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பனார் தலை நிமிராமலே, "வெட்டிவிடு" என்று தாயாரிடம் சொன்னார்.

மறுநாள் கொல்லைப்புறத்தில் துவைகல்லின்மேல் உட்காரவைத்துத் தாயார் கத்தரித்தாள். அக்காளுக்குப் பன்னிரண்டு வயது. அன்று அவள் அலறவில்லை. கீழே விழுந்த சுருள்களை ஒரு கோழி வந்து கொத்திப் பார்த்தது. அதைக் கண்டு நாம் சிரித்தோம். அக்காள் நம்மை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். பல மாதங்கள் வரையில் தலையில் முக்காடில்லாமல் அவள் தெருவில் இறங்கவில்லை. முடி திரும்ப வளர்ந்த பிறகும் எண்ணெயைக் கொட்டி, இறுக்கிப் பின்னி, ஒரு சுருள்கூட வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அப்படித்தான். அந்த மேகத்தை அதன்பின் நாம் பார்த்ததில்லை.

இதைப் பற்றி அக்காளிடம் நாம் ஒருநாளும் பேசியதில்லை. ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. பேசாமலிருந்தால் பழைய கடன்கள் தள்ளுபடியாகிவிடும் என்று எண்ணுவது ஆண்பிள்ளைகளின் சுபாவம்.

அக்காள் இப்போது உத்தமபாளையத்தில் இருக்கிறாள். கணவர் காலமான பிறகு, ரவிக்கை தைத்துக் கொடுத்துத் தன் காலில் நிற்கிறாள். பெண்ணுக்கு ஜுரம் என்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் பை நிறைய ஆரஞ்சுப் பழங்களுடன் வந்து சேர்ந்தாள். "மதினி, நீங்களாவது சொல்லுங்கள்" என்று நம் மனைவி முறையிட்டாள். அக்காள் பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. கொடியில் கிடந்த குல்லாயை எடுத்து உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் தாயி, இதற்கு லைனிங் இல்லையே?" என்றாள்.

"குல்லாய்க்கு யாராவது லைனிங் வைப்பார்களா அத்தை?"

"வைக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில்தான் தோட்டத்து ஜீப் வந்து நிற்கும். முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் குல்லாயை முடியின்மேல் போடுவதில்லை. முதலில் ஒரு மெல்லிய துணியைத் தலையில் கட்டி, அதன்மேல் குல்லாயைப் போடுகிறார்கள். அதில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி, கிழிந்த பட்டுத் துணியைத்தான் கட்டுவாள். ஏன் என்று கேட்டேன். பருத்தி முடியைப் பிடித்து இழுக்கும், பட்டு வழுக்கிவிடும் என்றாள்."

பிறகு நம் பக்கம் திரும்பி, "தம்பி, அம்மாவுடைய கூறைப்புடவை பெட்டியில் இருக்கிறதா, எலி தின்றுவிட்டதா?" என்று கேட்டாள்.

இருந்தது. கரையெல்லாம் இற்றுப்போன பழைய அரக்குப் புடவை. முந்தானையை ஒட்டி ஒரு முழம் மட்டும் கெட்டியாயிருந்தது. அக்காள் அதைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டினாள். கத்தரிக்கோலின் சப்தம் நமக்கு என்னவோ செய்தது. கூடத்தை விட்டுப் போய்விடலாமா என்று எழுந்தோம்.

"எங்கே போகிறாய் தம்பி? இந்த ஊசியில் நூல் கோத்துக் கொடு. எனக்குக் கண் தெரியவில்லை" என்றாள்.

நமக்கும் கண் தெரியவில்லை. ஆனாலும் ஜன்னல் பக்கமாகப் போய் நின்று கோக்க ஆரம்பித்தோம். முதல் தடவை தவறிற்று. இரண்டாந் தடவையும் தவறிற்று. அப்போதுதான் அந்த வார்த்தை வெளியே வந்தது. "அக்கா, அந்த வருஷம், அப்பாவிடம் நான்தான் சொன்னேன்."

அக்காள் பட்டை மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "தெரியும். நானும் பக்கத்து இலையில்தானே உட்கார்ந்திருந்தேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "நூல் கோத்தாயா?" என்று கேட்டாள்.

மூன்றாந் தடவை கோத்துவிட்டது. கொடுத்தோம்.

குல்லாயை விடப் பட்டு அரை அங்குலம் தாராளமாயிருக்கும்படி வைத்து, உள்விளிம்பில் சுற்றிலும் தைத்தாள். அதன்பின் பெண்ணுக்கு அவள் சொன்ன முறைகளைச் சுருட்டை முடியுள்ள குடும்பங்களின் உபயோகத்துக்காக இங்கே எழுதி வைக்கிறோம். தலைக்கு ஸ்நானம் செய்வதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளாமல் முந்தின நாள் சாயங்காலமே செய்துவிட வேண்டும். ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் தேங்காயெண்ணெயைக் கையில் தேய்த்து நுனியில் தடவி, அகலமான பல் உள்ள சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து, சிறிது சிறிதாக மேலே ஏறிச் சிக்கெடுக்க வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் கீழே போய் ஒரே முடிச்சாகிவிடும். உலர்ந்த பிறகு சீப்பே கூடாது. படுக்கும்போது தளர்த்தியாக இரட்டைப் பின்னல் போட்டுக்கொள்ள வேண்டும். காலையில் பின்னலை அவிழ்த்து, கழுத்தின் அடியில் தாழ்வாக, இறுக்காமல் ஒரு முடிச்சு. உச்சியில் கொண்டை போட்டால் குல்லாய் அதை நசுக்கிவிடும். நெற்றியோரத்துச் சுருள்கள் நாலைந்தை வெளியே விட்டுக் காதை மூடிக் குல்லாயைப் போட்டுக்கொள்ள வேண்டும். போய்ச் சேர்ந்ததும் குல்லாயைக் கழற்றிவிட்டு, விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, முடியைக் கீழிருந்து மேலாக மெதுவாகக் கசக்கிவிட்டால் போதும்.

இவ்வளவையும் கேட்ட நமக்குப் பெரிய ஆச்சரியம். நாம் இரவெல்லாம் கண் விழித்துப் புஸ்தகத்தில் படித்த ஹைட்ரஜன் பிணைப்பும் உராய்வு மின்சாரமும், வேறு பெயரில், ஏலத் தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன!

"இத்தனை தெரிந்தும், அத்தை, நீங்கள் ஏன் உங்கள் முடியை விடவே இல்லை?" என்று பெண் கேட்டாள்.

"தெரிந்தபோது எனக்கு நரைத்துவிட்டது தாயி" என்றாள் அக்காள். பிறகு, "இதை ஒரு வாரம் போட்டுப் பார். பிடிக்கவில்லை என்றால் மதுரைக்கு நானே துணைக்கு வருகிறேன். உன் தலை, உன் இஷ்டம். ஒருத்தரும் உன்னைக் கேட்காமல் அதில் கை வைக்கக்கூடாது" என்றாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது நம்மைப் பார்க்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

சனிக்கிழமை மதுரைப் பயணம் தள்ளிப் போடப்பட்டது. திங்கட்கிழமை நாலரை மணிக்குப் பெண்ணை பஸ் ஏற்றுவதற்காக நாமும் போனோம். தலையில் குல்லாய். விளக்கு வெளிச்சத்தில் நெற்றியோரத்தில் நாலைந்து சுருள்கள். குல்லாயின் விளிம்பிலிருந்து அரக்குப் பட்டு ஒரு நூல் அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஜீப்பிலிருந்து தோட்டத்துப் பெண் ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, "பட்டா? நல்லது பாப்பா, வழுக்கிக்கொண்டு நிற்கும்" என்று தலையசைத்தாள். நம் மனைவி கொடுத்திருந்த ஃபிளாஸ்க்கை நாம் நீட்டுவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

சாயங்காலம் பெண் வந்ததும், "என்ன சொன்னார்கள்?" என்று நம் மனைவி கேட்டாள். "ஒன்றும் சொல்லவில்லை" என்றாள் பெண். ஒன்றும் சொல்லாமலிருப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்பது சுருட்டை முடிக்காரர்களுக்குத்தான் தெரியும். அந்த வாரக் கடைசியில், 'சீராக' வரச் சொன்னவரே, தம்முடைய சின்னப் பெண்ணுக்கும் இதே மாதிரி முடி, அந்தக் குல்லாய் எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். உத்தமபாளையத்தில் ஒரு தையற்காரி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள் நம் பெண். மதுரைக்கு மறுபடியும் நேரம் குறிக்கவில்லை. நாளைக்கு வேறு மாதிரி தோன்றி அவள் குறித்தாலும் நாம் தடுக்கப்போவதில்லை. அந்த உரிமையை நாம் 1969-லேயே இழந்துவிட்டோம்.

குல்லாயா, கூந்தலா என்ற சந்தேகத்துக்கு, நடுவில் ஒரு முழம் பழம்பட்டு இருந்தால் இரண்டும் பிழைக்கும் என்பதே நாம் கண்ட முடிவு. தை பிறந்து அக்காள் ஊருக்குத் திரும்பும் நாளன்று, அவள் தலைக்கு ஸ்நானம் செய்துவிட்டு முற்றத்து வெய்யிலில் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். முடி வெள்ளை வெளேரென்று நரைத்திருந்தது, அளவிலும் குறைந்துவிட்டது. நம் பெண் பின்னால் நின்று, அகலச் சீப்பால் நுனியிலிருந்து மெதுவாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் விரல்களை நனைத்து, கீழிருந்து மேலாகக் கசக்கிவிட்டாள். நாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுருண்டது.